கரையைக் கடந்தது என்றால்

நவம்பர் 22, வியாழன்

மேலிடத்துச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. மழைக்காலத்தை முன்னிட்டு எல்லாக் கிளை நூலகங்களிலும் ‘புயலும் மக்களும்’ என்று ஒரு புத்தகக் கண்காட்சி வைக்க வேண்டுமாம். வைத்தால் போயிற்று. மேசை இருக்கிறது, வெள்ளைத் துணி இருக்கிறது. புத்தகத்துக்குத்தான் எங்கே போவது?

பனையடித்துறைக் கிளை நூலகத்தின் அலமாரிகளை இன்று முழுக்கக் குடைந்ததில், அட்டையில் புயல் என்ற சொல் உள்ளவை ஐந்து தேறின. முதல் புத்தகத்தில் புயல் என்பது ஒரு மாமியார். இரண்டாவதில் ஒரு பயில்வான். மூன்றாவதைத் திறந்தால் உள்ளே சித்த வைத்தியம். பைண்டிங் செய்தவர் அட்டையை மாற்றி ஒட்டிவிட்டார். நான்காவது படக்கதை, ஓர் எலிக்குஞ்சு இடிக்குப் பயப்படுகிறது. ஐந்தாவதுதான் அசல். வானிலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், புயல் எப்படி உண்டாகிறது, வந்தால் கரையோர மக்களை என்ன பாடு படுத்துகிறது என்று பொறுமையாக எழுதியது. நல்ல புத்தகம். இங்கே வந்த நாளிலிருந்து ஒருவரும் எடுத்துப் போகவில்லை. தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.

ஐந்தையும் பரப்பி வைத்தேன். சிங்காரவேலு மாமா வந்தார். ஒரு காலத்தில் படகு ஓட்டியவர், இப்போது தினமும் பேப்பர் படிக்க வருகிறவர், தோளில் எந்நேரமும் ஒரு டிரான்சிஸ்டர். மேசையைப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு.

“புயலப் பத்தி எங்களுக்கே புத்தகமா? மீன்குஞ்சுக்கு நீச்சல் வகுப்பு எடுக்கறியே வல்லி!”

“எடுத்துப் படிச்சா ஒண்ணும் தேஞ்சு போவ மாட்டீங்க மாமா.”

“நானே ஒரு புத்தகம்டி. என்னய எடுத்து அலமாரில வையி.”

சாயங்காலம் மூடப் போகும் நேரத்தில் வேம்பு அண்ணி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. வழக்கம்போல வாசல் படியில் செருப்பைக் கழற்றி விட்டார். வார் அறுந்து ஊக்கு குத்திய நீல ரப்பர் செருப்பு. நானும் வழக்கம்போலக் கேட்டேன்:

“இது என்ன கோயிலா அண்ணி? போட்டுக்கிட்டு உள்ள வாங்க. நாய் தூக்கிட்டுப் போயிரும்.”

“சரஸ்வதி குடியிருக்கற எடம்டி. நாய்க்குத் தெரியாது, நமக்குமா தெரியாது?”

எத்தனை வருஷமாக இதே கேள்வி, இதே பதில். எனக்கு அலுப்பாக இருக்கிறது.

கண்காட்சி மேசையைத் தடவிப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் அன்றைக்கு மாட்டுக்குக் காய்ச்சல் என்பார். கையில் அகப்பட்டது அந்த ஐந்தாவது புத்தகம். அட்டையில் புயலின் சுழல். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, “கோலமாட்டம் இருக்கே, இதப் படி” என்றார். இனி நாலு நாளைக்குச் சாயங்காலத்தில் எனக்கு வீடு போய்ச் சேரக் கொடுத்துவைக்காது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு நாத்தனார் யார், நான் யார்? இருந்தாலும் வந்து உட்கார்ந்துவிட்ட மனுஷியை எழுந்து போ என்றா சொல்ல முடியும்.

நவம்பர் 24, சனி

படித்தேன். தொண்டை கட்டிவிட்டது.

புயலுக்கு நடுவில் ஒரு கண் உண்டாம். அது தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், மழை விடும், வெயில்கூட அடிக்கும். சில சமயம் கொஞ்ச நேரம், சில சமயம் அதிக நேரம். புயல் போய்விட்டது என்று ஜனங்கள் வெளியே வருவார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து காற்று வரும். முதல் பாதியில் செத்தவர்களைவிட இப்படி வெளியே வந்து செத்தவர்கள் அதிகம் என்று எழுதியிருக்கிறார்.

அண்ணி வாயில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். “அடி ஆத்தி, என் கண்ணு மூடுனா ஒலகம் இருட்டு. அதுங்கண்ணு மூடுனாத்தான் ஆட்டமே ஆரம்பமா?”

இன்னொன்று எனக்கே புதிது. ‘புயல் கரையைக் கடந்தது’ என்கிறார்களே, அது போய்விட்டது என்று அர்த்தம் இல்லையாம். புயலின் நடுப்பகுதி கடலை விட்டுத் தரைக்குள் ஏறுகிறது என்று அர்த்தமாம். அதாவது, நம் தலைமேல் வந்து நிற்கிறது. நூலகம் நடத்துகிறவள் நான், இத்தனை நாளும் கடந்தது என்றால் தொலைந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி கொஞ்சம் யோசித்தார். “திருடன் வூட்டுக்குள்ள பூந்துட்டான்னு சொல்லாம, வாசலக் கடந்துட்டான்னு சொல்றாப்புல இருக்கு.”

சிரித்துவிட்டேன். அவரிடம் இதுதான் தொல்லை, கோபமாக இருக்க விடமாட்டார்.

நவம்பர் 27, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. தோசைதான். அண்ணிக்கும் நாலு கொடுத்தனுப்பினேன், வீணாகப் போகிறதே என்று.

நவம்பர் 29, வியாழன்

வங்கக் கடலில் உருவானது புயலாகிவிட்டதாம். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாயிற்று. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பாதுகாப்பு மையம் தூரத்தில், போகிற சாலையில் இப்பவே முழங்கால் தண்ணீர். கிராம நிர்வாக அலுவலர் வந்து, “உங்க நூலகம் கான்கிரீட் கட்டடம்மா, தெரு ஜனத்துக்குத் தொறந்து வையுங்க” என்றார். நல்ல மனுஷர், பிஸ்கட் பெட்டியும் தண்ணீர்க் கேன்களும் அவரே கொண்டுவந்து இறக்கினார்.

அண்ணியைக் கூப்பிடப் போனேன். நூலகத்துக்குப் பின்னால் நாலு வீடு தள்ளி, ஓட்டு வீடு. பக்கத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகையில் செவலைப் பசுவும் கன்றும். கொல்லையில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த கழிப்பறை. சிமெண்டுக் கூரை, சிமெண்டுச் சுவர். அண்ணி அதில் வைக்கோலும் வரட்டியும் அடுக்கி வைத்திருக்கிறார். இவ்வளவு நல்ல கட்டடத்தில் அந்தக் காரியம் செய்ய மனசு வரவில்லையாம்.

“மாட்ட வுட்டுட்டு எப்புடிடி வருவேன்?”

“மாட்டையும் நூலகத்துக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. உறுப்பினர் ஆக்கிடறேன்.”

“கிண்டலா? நீ போ. எனக்குப் பயமில்ல.”

எனக்கு மட்டும் என்ன பயம்? கூப்பிட வேண்டியது கடமை. கூப்பிட்டேன்.

நவம்பர் 30, வெள்ளி

விடுமுறை நாள். திறந்திருக்கிறேன். காலையிலிருந்து வாடைக்காற்று, வடக்கிலிருந்து தள்ளுகிறது. தெருவே வந்துவிட்டது, முப்பது பேருக்கு மேல். அலமாரிகளை நகர்த்தி ஜன்னல்களை அடைத்தோம். கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றினோம். அஞ்சலை கைக்குழந்தையோடு நாளிதழ் மூலையில் இடம் பிடித்துக்கொண்டாள்.

அண்ணியை இன்னும் காணோம். நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பதைப் பார்த்து, “ஒக்காரு புள்ள, தரை தேஞ்சுரும்” என்கிறார் சிங்காரவேலு மாமா.

பொழுது சாயும்போது வந்தார், தலையில் புளிசாதப் பானை. படியில் செருப்பைக் கழற்றினார். இன்று நான் கேள்வி கேட்கவில்லை. குனிந்து செருப்பை எடுத்து உள்ளே கதவோரம் வைத்துவிட்டேன்.

“இன்னிக்கி ஒரு நாள் சரஸ்வதி பொறுத்துக்குவா.”

“பாவம்டி” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பசுவைக் கட்டிப் போட்டுவிட்டு வந்துவிட்டாராம். அதையே சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார்.

டிசம்பர் 1, சனி

பென்சிலால் எழுதுகிறேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கைக்கு ஒரு வேலை வேண்டும்.

காற்று இப்போது தெற்கிலிருந்து.

வேம்பு அண்ணி உள்ளே இல்லை.

டிசம்பர் 2, ஞாயிறு

அண்ணி என் வீட்டில் தூங்குகிறார். குறட்டை. இந்தக் குறட்டைக்காக எந்தச் சாமிக்கு என்ன செய்ய வேண்டுமோ, செய்கிறேன்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

விடியற்காலையிலிருந்து காற்று வடக்கிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. அதன் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மதியம்போல, குழாயை மூடினாற்போல் நின்றது. நான் அப்போது பின்னறையில், ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் ஜன்னல் இடுக்கில் வெயில். சிங்காரவேலு மாமாவின் டிரான்சிஸ்டர் கரகரவென்று சொல்லிற்று: புயல் கரையைக் கடந்தது.

ஒரே ஆரவாரம். குலவை போட்டார்கள். படகைப் பார்க்க வேண்டும், ஆட்டைப் பார்க்க வேண்டும், வீடு நிற்கிறதா பார்க்க வேண்டும் என்று மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். வானொலியைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் பாஷையில் அது சரிதான். நம் காதில்தான் வேறாக விழுகிறது.

நான் ஓடிப்போய் ஒற்றைக் கதவைச் சாத்தி உள்ளே பூட்டைப் போட்டேன். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். எந்த ஆம்பளை கேட்டு வாங்குவான், பார்க்கலாம்.

“எல்லாரும் ஒக்காருங்க! இது கண்ணு! இன்னும் பாதி இருக்கு!”

“என்னா கண்ணு, மூக்குங்கறே?” என்றார் சிங்காரவேலு மாமா. “அதான் கடந்துருச்சுங்கறானே! கடந்துருச்சுன்னா போயிருச்சுன்னுதானே அர்த்தம்?”

“இல்ல மாமா. கடந்துருச்சுன்னா வந்துருச்சுன்னு அர்த்தம்!”

இதைச் சொன்னபோது எனக்கே பைத்தியக்காரி மாதிரித்தான் இருந்தது. கண்காட்சி மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தொண்டை கிழியக் கத்திப் படித்தேன். யார் கேட்டார்கள்? புத்தகப் பைத்தியம் என்றார்கள். ஒருவர் என் பிறப்பையே சந்தேகப்பட்டார். அஞ்சலையின் புருஷன் கதவை உதைத்தான். குழந்தைகள் அலறின.

அப்போதுதான் அஞ்சலை சொன்னாள். “அக்கா, வேம்பு அத்தை வெளிய போயிருக்காங்க. காத்து நின்ன ஒடனே செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்புனாங்க. மாட்ட அவுத்து வுட்டுட்டு வந்துர்றேன்னாங்க.”

கதவோரம் பார்த்தேன். செருப்பு இல்லை.

“பாத்தியா, ஒன் நாத்தனாளே வெளியிலதான்!” என்றார் மாமா. “இப்பவாச்சும் தொற. போயி இட்டாந்துர்லாம்.”

திறந்திருக்கலாம். திறந்தால் எனக்கு முன்னால் இத்தனை பேரும் ஓடியிருப்பார்கள், கைக்குழந்தை உட்பட. சாவி நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. திறக்கவில்லை. நான் அழுதேன் என்று அஞ்சலை சொல்கிறாள். அவள் எதையும் பெரிதாக்கித்தான் சொல்வாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. முதலில் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு தெற்குப் பக்கத்து ஜன்னலில் யானை முட்டியதுபோல ஒரு முட்டு. அலமாரி நகர்ந்தது. கதவை உதைத்துக்கொண்டிருந்தவனே ஓடிவந்து அலமாரியை முதுகால் தாங்கினான். நான் அந்த நேரத்தில்தான் பென்சிலை எடுத்தேன்.

அந்தி மயங்கும்போது காற்று தணிந்தது. பூட்டைத் திறந்து ஓடினேன். பாதையே இல்லை, தென்னை மேல் தென்னை. சிங்காரவேலு மாமா எனக்கு முன்னால் மட்டைகளை விலக்கிக்கொண்டு போனார். அண்ணி வீடு தரையோடு கிடந்தது. கொட்டகை இருந்த இடமே தெரியவில்லை. நான் ஓட்டுக் குவியலைக் கையால் வாரினேன். “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டேன் போலிருக்கிறது.

“ஏன்டி கத்தறே? கன்னுக்குட்டி பயப்படுது.”

குரல் கழிப்பறைக்குள்ளிருந்து வந்தது. கதவைத் திறந்தால், வைக்கோல் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் கன்றின் தலை. பசுவை அவிழ்த்து விரட்டிவிட்டாராம். கன்று போகமாட்டேன் என்றதாம். நூலகத்துக்கு ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டேன்.

“நேரம் பத்தாதுன்னு தோணுச்சு. நீதானே படிச்சே, கண்ணு மூடுறதுக்குள்ள ஒரு எடத்துல அடங்கிக்கணும்னு. அரசாங்கம் ஏதோ நல்ல எண்ணத்துலதான்டி கட்டிக் குடுத்துருக்கு.”

சிங்காரவேலு மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

இன்று காலை செவலை தானாக வந்து சேர்ந்தது, உடம்பெல்லாம் உப்பளத்துச் சேறு. தெருவில் கூரை போகாத வீடு இல்லை. ஆனால் ஒரு பாடைகூடக் கட்டவில்லை. கடவுளே, நன்றி. புத்தகம் எழுதின ஐயா, எந்த ஊரில் இருக்கிறீர்களோ, உங்களுக்கும் நன்றி.

டிசம்பர் 4, செவ்வாய்

அண்ணியின் வலது உள்ளங்காலில் ஆணி கிழித்திருக்கிறது. மருத்துவ முகாமில் ஊசி போட்டுக் கட்டுப் போட்டார்கள். “வெறுங்காலோட ஏம்மா அலைஞ்சீங்க?” என்று டாக்டர் பெண் கேட்டாள். “செருப்பு காத்தோட போயிருச்சும்மா” என்றார் அண்ணி.

வேறு மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் லாரி லாரியாக வந்திருக்கிறார்கள். மழையில் கம்பத்தில் ஏறி நிற்கிறார்கள். எங்கள் தெருவில் நின்றவரிடம் டீ கொடுத்துவிட்டு ஊர் எது என்று கேட்டேன். மலையடிவாரமாம். கடலை இதற்கு முன் பார்த்ததே இல்லையாம். “இப்புடியாப்பட்ட நேரத்துல வந்து பாக்கறீங்களே” என்றேன். “அதனாலென்னக்கா, அது அங்கயேதான இருக்கும்” என்று சிரித்தார். யார் பெற்ற பிள்ளையோ.

யாரோ வேனில் அரிசி, மெழுகுவத்தி, போர்வை எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார்கள். இப்படிப் பெயர் தெரியாதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? இதில் எழுதி வைக்கிறேன். அவ்வளவுதான் என்னால் ஆனது.

அண்ணி என் கட்டிலில். நான் கீழே. வீடு கட்டும்வரைக்கும் என்று பேச்சு.

டிசம்பர் 7, வெள்ளி

நல்ல வெயில். நனைந்த புத்தகங்களை மொட்டைமாடியில் காயப்போட்டோம். கருவாடு காயவைக்கிற ஊர், சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டிப்போட அஞ்சலையின் தலைமையில் ஒரு பெண்கள் படை. காக்காய் விரட்டக் கம்புடன் ஒருத்தி. “புத்தகத்தக் காக்கா தின்னாதுடி” என்றால், “பழக்கத்துல வந்துட்டேன்” என்கிறாள்.

பயில்வான் பிழைத்துக்கொண்டார். மாமியார் நைந்துவிட்டாள். அசல் புத்தகத்துக்குத்தான் இப்போது அடிதடி. தேதிச் சீட்டில் முதல் முத்திரை அஞ்சலையின் புருஷன் பெயரில். கதவை உதைத்த அதே காலோடு வந்து நின்றான். “யக்கா, ஒரு வாரம் வச்சுக்கலாமா?” கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். வைத்துக்கொள் தம்பி என்றேன்.

சிங்காரவேலு மாமா ஒரு பை இறால் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“அன்னிக்கி வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன் வல்லி. படகுக் கொட்டாய்க்குத்தான் நேரா ஓடியிருப்பேன். போயிப் பாத்தேன், படகு மேல சொவரு படுத்துருக்கு. நா அதுக்கு அடியில படுத்துருப்பேன்.”

“விடுங்க மாமா. எறால மேசைல வைக்காதீங்க, புத்தகத்துல வாடை ஏறும்.”

டிசம்பர் 11, செவ்வாய்

கரண்ட் வந்துவிட்டது! தெருவே கைதட்டியது. மலையடிவாரத்துத் தம்பிக்கு இறால் குழம்பு.

டிசம்பர் 15, சனி

நூலக வாசலைக் கழுவிவிட்டேன். படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சாய்தளத்துக்கு அடியில் ஒரு சந்து உண்டு. துடைப்பக் கட்டையை விட்டுச் சேற்றை இழுத்தேன். சேற்றோடு ஒரு செருப்பு வந்தது. வலது கால். நீல ரப்பர். வாரில் ஊக்கு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புயலுக்கு முன்தினம் இதை நானே உள்ளே எடுத்து வைத்தேன். போகும்போது காலில் மாட்டிக்கொண்டு போனதை அஞ்சலை பார்த்திருக்கிறாள். அப்படியானால் இது மறுபடி இந்தப் படிக்கு எப்படி வந்தது?

காற்றில் அடித்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று கொஞ்ச நேரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

மதியம் சோறு போட்டுவிட்டு, செருப்பை அண்ணி முன்னால் வைத்தேன். தடவிப் பார்த்தார். ஊக்கு விரலில் பட்டதும் கை நின்றது.

“எங்க கெடந்துச்சு?”

“நூலக வாசல்ல. நீங்க அன்னிக்கித் திரும்பி வந்தீங்க.”

செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“வந்து வாசல்ல நின்னுருக்கீங்க. ஏன் அண்ணி கதவத் தட்டல?”

“தட்டுனா நீ தொறந்துருப்பே.”

“தொறந்துருப்பேன்தான்!”

“அதாம்.”

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “படியேறி செருப்பக் கழட்டிட்டேன். வாசலுக்கு வந்தா காலு தானா கழட்டிருது. கதவுல கைய வைக்கப் போறேன், உள்ள ஒஞ்சத்தம். புத்தகத்தப் படிக்கறே. சிங்காரம் சாவியக் குடுங்கறான். எவனோ கதவ ஒதைக்கறான். நா ஒரு தட்டு தட்டுனாப் போதும், எனக்காவத் தொறந்துருவே. எனக்குக் கண்ணுதான் மங்கலு, அத்தினி பேரும் வெளிய வந்து வுழுவான்ங்கறது தெரியாதா? திரும்பி ஓடிட்டேன். செருப்புப் போட்டுக்கணும்னு தோணல.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “செத்துப் போயிருந்தீங்கன்னா?”

“கக்கூசு இருக்குல்ல.”

நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது, “ரசம் ஊத்தவா?” என்பதுதான். ஊற்றினேன். தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன். அவருக்குக் கண் தெரியவில்லையா, தெரியாத மாதிரி இருந்தாரா, தெரியாது.

இங்கே எழுதுகிறேன். நான் கதவைத் திறக்காமல் காப்பாற்றினேன் என்று தெருவே என்னைக் கொண்டாடுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தட்டாமல் நின்றார். அவர் தட்டியிருந்தால் நான் யாரையும் காப்பாற்றியிருக்க மாட்டேன். அண்ணி, எனக்கு இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். இருப்பதற்கு நன்றி.

டிசம்பர் 18, செவ்வாய்

நூலகம் ஒழுங்காகத் திறந்த முதல் நாள். சிங்காரவேலு மாமா டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு சரியான நேரத்துக்கு வந்தார். அந்தமான் பக்கம் புதிதாக ஒன்று உருவாகிறதாம். வந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஊரில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. கல்யாணம் முடிந்ததா என்றால்கூட, “கரையத்தான் கடந்துருக்கு, இன்னும் கண்ணக் கடக்கல” என்கிறார்கள். மாமா கிளப்பிவிட்டது.

அண்ணி கண் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார், பொங்கல் கழித்து. மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று செவலை மேல் சத்தியம் செய்திருக்கிறேன். வீடு கட்டுகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சாயங்காலம் புயல் புத்தகம் திரும்பி வந்தது. பாக்கியைப் படி என்று அண்ணி வந்தார், நிவாரணத்தில் கொடுத்த புதுச் செருப்போடு. வாசல் படியில் நின்றார். ஒரு காலைக் கழற்றினார், மற்ற காலைக் கழற்றினார், என் கேள்விக்காகக் காத்து நின்றார்.

நான் கேட்கவில்லை. எழுந்து வந்து, என் செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் விட்டேன்.